"பாக்கி" என்றால் என்ன என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை, கொஞ்ச நேரம் விறாந்தையில் அப்படியே இருந்துவிட்டேன். வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதைச் சுருக்கி இதிலே வைக்கிறேன். சாவகச்சேரியிலிருந்து தை மாதம் லண்டனுக்குப் படிக்கப் போயிருக்கிறீர்கள், ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் சனி ஞாயிறு இரவு வேலை. கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்குள் இருந்து விற்கிற நேரம், ஒருவன் 20 பவுண் தந்து சிகரெட் வாங்கினான், மிச்சத்தைத் தட்டில் வைத்துத் தள்ளினீர்கள், அவன் எண்ணிப் பார்த்துவிட்டு "பாக்கி" என்றான். நீங்கள் மிச்சக் காசு குறைகிறதென்று கேட்கிறானாக்கும் என்று நினைத்து, திரும்ப எண்ணி, உங்கள் சட்டைப் பையிலிருந்தே இரண்டு பவுண் எடுத்து வைத்தீர்கள். அவன் அதை எடுத்துக் கண்ணாடியில் எறிந்தான். பிறகுதான் அது எங்கள் பாக்கி இல்லை என்று விளங்கியது. "ஐ ஆம் ஃப்ரம் ஸ்ரீலங்கா" என்று சொன்னீர்கள், அவன் இன்னும் பெரிதாகச் சிரித்தான். நான் பாகிஸ்தான்காரன் இல்லையே, என்னை அது ஏன் சுட வேண்டும், ஆனால் மூன்று நாளாக ஏன் நித்திரை வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 1990இல் லண்டனுக்குப் போனவன். இப்போது நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து கோண்டாவிலில் எங்கள் பழைய வீட்டில் நிற்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லின் கதை. "பாக்" என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் தூய்மை என்று பொருள். 1933இல் கேம்பிரிட்ஜில் இருந்த சௌத்ரி ரஹ்மத் அலி என்பவர் ஒரு துண்டுப் பிரசுரத்தில், பஞ்சாப், ஆப்கானியா என்று அவர் அழைத்த வடமேற்கு எல்லை மாகாணம், காஷ்மீர், சிந்து, பலுசிஸ்தான் என்ற பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கோத்துப் பாகிஸ்தான் என்ற பெயரை உண்டாக்கினார், தூய நிலம் என்ற பொருளும் அதற்குள் வந்து பொருந்தியது. அதைப் பாதியில் வெட்டினால் வருவதுதான் நீங்கள் கேட்ட சொல். வெறும் சுருக்கம்தானே, என்ன பிழை என்று அங்கே பிறந்த சிலர் இன்றைக்கும் வாதாடுவார்கள். ஆனால் ஒரு சொல் என்ன சொல்லுகிறது என்பது அகராதியில் மட்டும் இல்லை, அதைச் சொல்லிக்கொண்டு யார் யாரை என்ன செய்தார்கள் என்பதிலும் இருக்கிறது. 1968 சித்திரையில் ஈனக் பவல் என்ற எம்.பி. பேர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சுக்குப் பிறகு அந்த நாடு கொதித்துக் கிடந்தது. 1970 அளவில் "பாக்கி பாஷிங்" என்று ஒரு வேலையே இளம் கும்பல்களிடம் இருந்தது, அதாவது வேலை முடிந்து தனியாக வீட்டுக்கு நடந்து போகிற ஆசிய ஆளைப் பிடித்து அடிப்பது. அந்த வருடம் கிழக்கு லண்டனில் டோசிர் அலி கொல்லப்பட்டார். 1976இல் சவுத்ஹோலில் குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயதுச் சீக்கியப் பெடியன். 1978 மே 4ஆம் திகதி வைட்சாப்பலில் தையல் தொழிற்சாலை வேலை முடிந்து போன அல்தாப் அலி, அவர் வங்காளதேசத்தவர். பத்து நாள் கழித்து அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் பிரதமர் வீடு வரை நடந்தார்கள். வைட்சாப்பல் வீதியில் அவர் பெயரில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது, ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் எடுத்தால் ஒரே ரயில், ஒருநாள் போய்ப் பாருங்கள்.

குத்த வந்தவன் எவனும் நீ எந்த ஊர் என்று கேட்கவில்லை, தம்பி. நான் போய் இரண்டு வருடத்துக்குள், 1992 தொடக்கத்தில், இப்போது நீங்கள் இருக்கிற அதே நியூஹாமில், எங்கள் தமிழ் அகதி ஒருவர் ஒரு கும்பல் மட்டையால் அடித்து இறந்துபோனார். அந்த மாதம் நாங்கள் ஆறு பேர் இருந்த அறையில் எவரும் தனியாகக் கடைக்குப் போகவில்லை. உங்களுக்கு ஏன் நித்திரை வரவில்லை என்று கேட்டீர்களே, கண்ணாடிக்கு வெளியே நின்றவன் சொன்னதற்குள் இவ்வளவும் இருந்தது, உங்களுக்கு வரலாறு தெரியாவிட்டாலும் அவன் குரல் உங்களுக்கு விளங்கியிருக்கிறது.

என்ன செய்வது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாள் போனால் கமராப் பதிவு அழிந்துவிடும். நாளைக்கே மனேஜரிடம் சொல்லி அந்த இரவின் சிசிரிவிப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வாயால் சொல்லாமல் மெசேஜில் எழுதிச் சொல்லுங்கள். திகதி, நேரம், அவன் சொன்ன வசனம், கார் நம்பர் இருந்தால் அதுவும், மறக்க முதல் ஒரு கொப்பியில் குறியுங்கள். பிறகு 101க்கு, அதுதான் அவசரமில்லாத விஷயங்களுக்கான பொலிஸ் நம்பர், அடித்துப் பதியுங்கள், ஆள் திரும்ப வந்து கண்ணாடியை உடைக்கப் பார்த்தால் 999. 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இனத்தைச் சொல்லி மிரட்டுவதையும் தாக்குவதையும் கூடிய தண்டனைக்குரிய தனிக் குற்றமாக்கியிருக்கிறது. ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பினப் பெடியனின் கொலையைப் பொலிஸ் விசாரித்த விதத்தைப் பற்றி 1999இல் வந்த மக்பேர்சன் அறிக்கைக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரோ வேறு யாருமோ இது இனவெறிச் சம்பவம் என்று கருதினால் பொலிஸ் அதை அப்படித்தான் பதிய வேண்டும் என்று ஒழுங்கு வந்தது. விசா ஒழுங்காக இருக்கும்போது, புகார் கொடுத்தது அதற்கு எதிராகப் போகாது. ஆளைப் பிடிப்பார்களா என்று கேட்டால், அனேகமாக இல்லை. ஆனாலும் பதியுங்கள், அடுத்த முறை அதே ஆள் வேறொரு பெடியனிடம் வந்தால் அவனுடைய புகார் முதலாவதாக இருக்காது.

சும்மா பகிடிக்குச் சொன்னது என்று மனேஜர் சொல்லக்கூடும். நீங்கள் கிரிக்கெட் பார்க்கிற ஆள் என்றபடியால் யோர்க்ஷயர் கதை தெரிந்திருக்கும். அந்தக் கழகத்துக்கு ஆடிய, பாகிஸ்தானில் பிறந்த அசீம் ரஃபீக் 2021 கார்த்திகையில் பாராளுமன்றக் குழுவுக்கு முன்னால் இருந்து, தன்னை அதே சொல்லால் அழைத்ததைச் சொன்னபோது குரல் உடைந்தது. அதற்கு முதல் கழகம் வைத்த விசாரணை அதை நட்பான பகிடி என்று எழுதியிருந்தது வெளியே வந்துதான் பெரிய கொந்தளிப்பானது. அதே கிழமை இன்னொன்றும் வந்தது. 2011இல் ரஃபீக் யூதர்களை இழிவாகச் சொல்லி அனுப்பிய செய்திகள் வெளிப்பட்டன, அவர் மன்னிப்புக் கேட்டார். அப்போது எங்கள் ஆட்கள் பலர் "பார்த்தீர்களா, அவரும் இப்படித்தான்" என்று ஏதோ அவருடைய வழக்கே விழுந்துவிட்டதுபோலக் கதைத்தார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அடி வாங்கினவன் கையிலும் கல் இருந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பட்டது, அது என்னையே நினைக்க வைத்தது.

1991 மாசி. நானும் உங்களைப்போல் ஒரு பெற்றோல் ஸ்டேஷன், இரவு. எனக்கு வேலை பழக்கியவர் பாகிஸ்தான் பக்கக் காஷ்மீரில் மிர்பூரைச் சேர்ந்த ஒரு வயதானவர், எல்லோரும் அவரைச் சாச்சா என்போம். மங்களா அணை 1967இல் கட்டி முடிந்தபோது அவர்களுடைய பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது, ஒரு லட்சம் பேருக்கு மேல் இடம்பெயர்ந்தார்கள், அவர்களில் கனபேர் இங்கிலாந்துக்கு வந்தார்கள். என்னைப்போல் வீடு விட்டு வந்தவர்தான் அவரும், எனக்கு அப்போது அது தெரியாது. ஒவ்வொரு இரவும் துணியில் சுற்றி ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கொண்டுவருவார், என் பங்கை முதலில் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். ஒருநாள் குடித்துவிட்டு வந்த இரண்டு பேர் ஜன்னலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னார்கள். நான் கண்ணாடியில் கை வைத்து, "நோ, நோ, நொட் பாக்கி, ஐ ஆம் ஸ்ரீலங்கன்" என்றேன். திரும்பிப் பார்க்கிறேன், சாச்சா பால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு என் பின்னால் நிற்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிகளை அடுக்கி முடித்தார். விடியப்புறம் வழமைபோல ரொட்டியைப் பிரித்து எனக்கு வைத்தார், அன்றைக்குத்தான் "பாக்" என்றால் தூய்மை என்று சொல்லித் தந்தார், அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவர் பிராட்ஃபோர்டுக்கு மகனிடம் போய்விட்டார்.

"நான் அவன் இல்லை" என்ற பதில், தம்பி, எங்கள் ஆட்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. என் அப்பாவின் பெரியப்பா மலாயன் பென்ஷனியர், வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அங்கே தமிழரை "கிளிங்" என்பார்கள். கலிங்க தேசத்துப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள், ஒரு காலத்தில் சாதாரணமான பெயர்தான், பினாங்கில் கப்பித்தான் கிளிங் என்ற பெயரோடு பள்ளிவாசலே இருக்கிறது. பிறகு தோட்டத்திலும் தெருவிலும் வேலைக்கு வந்த ஏழைத் தமிழர் மேல் விழுந்து விழுந்து அது ஏச்சானது. பெரியப்பா சாகும்வரை பெருமையாகச் சொல்லுவார், "எங்களை அப்படிச் சொல்ல மாட்டாங்கள், நாங்கள் சிலோனீஸ்" என்று. "கூலி" என்ற சொல்லும் அப்படித்தான். குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம், எங்கள் கூலியிலிருந்து வந்தது என்று இன்னொன்று, இரண்டும் கலந்ததாகவே அகராதிகள் வைத்திருக்கின்றன. செய்த வேலைக்குக் கிடைக்கிற காசு, அதில் என்ன இழிவு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பனில் இறங்கியபோது அது ஆளின் பெயராகிவிட்டது, அதற்குப் பிறகு போன காந்தியும் அங்கே "கூலி பாரிஸ்டர்" ஆனார். அங்கே இந்தியரை "சமி" என்றும் அழைத்தார்கள். ராமசாமி, முத்துச்சாமி என்று தமிழர் பெயர்களின் முடிவில் வந்த சாமிதான் அது. கடவுளையும் எசமானையும் சொல்லுகிற சொல், அதைச் சொன்னவனுக்கு அந்தப் பொருள் தெரியாது.

மற்ற நாடுகளில் இருக்கிற உங்கள் மச்சான்மாருக்கும் இதே கதைதான். நோர்வேயில் "பக்கிஸ்" என்பார்கள், எங்கள் ஆட்களையும் சேர்த்து. டென்மார்க்கில் "பேர்க்கர்" என்பது பாரசீகனையும் துருக்கியனையும் குறிக்கிற சொற்களை ஒட்டிச் செய்தது. ஜேர்மனியில் "கனாக்க", அது ஹவாய்த் தீவு மொழியில் மனிதன் என்ற சொல். கப்பல்காரர் வாயில் ஏறி, தென்கடல் தீவுக்காரரைக் குறித்து, 1961க்குப் பிறகு வேலைக்கு வந்த துருக்கியர் மேல் போய் நின்றது. மனிதன் என்ற சொல்லை வைத்தே ஒருவனை மனிதன் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், இதை நான் முதன்முதல் அறிந்த அன்று நெடுநேரம் வேறு எதையும் வாசிக்க முடியவில்லை. லண்டனில் பழைய ஆட்கள் வாயில் "வொக்" என்றும் கேட்பீர்கள், அது ஏதோ நான்கு கௌரவமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்பாதீர்கள். 1895இல் ஒரு சிறுவர் படப் புத்தகத்தில் வந்த கறுத்த பொம்மையின் பெயரிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலானோர் ஏற்கிற விளக்கம். முதலெழுத்துக் கதைகள் எல்லாம் பிறகு கட்டினவை.

இன்னொரு சொல்லுக்கும் ஆயத்தமாக இருங்கள், அது வெள்ளையனிடமிருந்து வராது. "ஃப்ரெஷி". அங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளே, புதிதாக வந்தவரின் உடுப்பையும் ஆங்கிலத்தையும் பார்த்துச் சொல்வது. என் மகன் பதினைந்து வயதில் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னான், யாரோ ஒரு வகுப்புப் பெடியனைப் பற்றி. நானும் அப்படி வந்தவன்தானே என்று கேட்டேன். "அது வேற அப்பா" என்றான். எனக்குச் சாச்சாவின் பால் பெட்டிகள் ஞாபகம் வந்தன.

சரி, இப்போது எங்கள் பெட்டியில் நாங்கள் கொண்டுபோனவை. "கள்ளத்தோணி" என்பது தமிழ்ச் சொல், சிங்களவர் அதை அப்படியே எடுத்து மலையக மக்கள் மேல் எறிந்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆள் வைத்துக் கூட்டிவந்த மக்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு பிரித்தார்கள், ஒருவரையும் கேட்காமல். அப்போது யாழ்ப்பாணத்தில் கனபேர் அது எங்களைச் சொல்லவில்லை என்று இருந்தோம். 2010 ஆவணியில் சன் சீ கப்பலில் எங்கள் தமிழ் அகதிகள் 492 பேர் கனடாக் கரைக்குப் போனபோது, வரிசை தாண்டி வந்தவர்கள், சட்டவிரோதக் கப்பல் என்று ரீவியில் கேட்டோமே, அது கள்ளத்தோணிதான், வேறு மொழியில்.

இதைவிட எனக்கு வருத்தமானது இந்த வீட்டிலேயே இருக்கிறது. நான் சின்னப் பெடியனாக இருந்தபோது எங்கள் வீட்டில் மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெடியன் வேலைக்கு நின்றான், என் வயதுதான், பத்து இருக்கும். குசினிக்குப் பின்னால் சாக்கு விரித்துப் படுப்பான். அவனுடைய கோப்பை வேறு, கிணற்றடியில் கவிழ்த்துக் கிடக்கும், நீலக் கரை போட்ட தகரக் கோப்பை, ஒரு பக்கம் எனாமல் உதிர்ந்திருக்கும். பின்னேரம் நான் வீட்டுப்பாடம் செய்யும்போது தூணுக்குப் பக்கத்தில் நின்று என் கொப்பியைப் பார்ப்பான். வீட்டில் எல்லோரும் அவனைத் தோட்டக்காட்டான் என்றோம், நானும்தான். கூப்பிடுவதற்கு அதுதான் பெயர். 1983 கலவரத்துக்குப் பிறகு யாரோ சொந்தக்காரர் வந்து கிளிநொச்சிக்குக் கூட்டிப்போனார்கள். நேற்று அந்தக் குசினித் திண்ணையில் இருந்து எவ்வளவு யோசித்தும் அவனுடைய சொந்தப் பெயர் வரவில்லை, தம்பி. மறந்துபோகவில்லை, நான் ஒருநாளும் கேட்கவே இல்லை. இந்தியாவிலிருந்து வந்தவரை "வடக்கத்தியான்" என்றதும் அதே நாக்குத்தான். லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்கள் வீடுகளில் சீனரைச் "சப்பட்டை" என்பதும் அதே நாக்குத்தான்.

கடைசியாக ஒன்று, உங்கள் கேள்வி வந்த அதே நாள் நடந்தது. தேருக்கு ரொறன்ரோவிலிருந்து என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் குடும்பத்தோடு வந்திருக்கிறாள், புருஷன் ஜமேக்காப் பெடியன், எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. பெரியம்மா அந்தப் பிள்ளையை மடியில் வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து, ஆசையாகச் சுருட்டை முடியைக் கோதிக்கோதி, "என்ர குஞ்சுக்குக் காப்பிலி முடி" என்றார். பிள்ளைக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். நேராக என்னிடம் வந்து, "மாமா, காப்பிலி என்றால் என்ன?" என்று கேட்டது. நீங்கள் கேட்ட அதே கேள்வி, காலையில்தான் வாசித்திருந்தேன்.

நான் உண்மையைச் சொன்னேன். காஃபிர் என்று அரபியில் ஒரு சொல், நம்பிக்கை இல்லாதவர் என்று பொருள், அரபு வியாபாரிகள் ஆபிரிக்காவில் தங்கள் மதம் அல்லாதவர்களை அப்படிச் சொன்னார்கள், போர்த்துக்கீசர் அதை "காஃப்ரே" என்று எடுத்தார்கள், ஆபிரிக்க மக்களை அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் இங்கே கொண்டுவந்தார்கள், 1619இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள், அந்தச் சொல் எங்கள் வாயில் காப்பிலி ஆனது. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இருக்கிறார்கள், மாஞ்சா என்று அருமையான பாட்டுப் பாடுவார்கள் என்றும் சொன்னேன். தென்னாபிரிக்காவில் அதே சொல்லைச் சொன்னால் கோர்ட்டுக்குப் போக வேண்டிவரும் என்பதையும் மறைக்கவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அம்மம்மா ஏன் சொன்னவா?" என்றது.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை, பெரியம்மாவிடமே கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். பெரியம்மாவுக்கு 84 வயது, நாங்கள் யாரும் அவருக்கு எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லை. இன்று பின்னேரம் அங்கே போகிறேன், பிள்ளையும் இருப்பாள். நீங்கள் நாளைக்குக் கமராப் பதிவைக் கேளுங்கள், 101இல் ஒரு நம்பர் தருவார்கள், அது கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.